எஞ்சினுக்கு வடிகட்டி உண்டு, நமக்கு?

டீசல் எஞ்சின் வைத்திருக்கும் விவசாயிக்கு ஏர் கிளீனரின் அருமை தெரியும். தூசி உள்ளே போனால் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிடும் என்று அதைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார். ஆனால், அதே எஞ்சின் கக்கும் புகையை மணிக்கணக்கில் சுவாசிக்கும் அவருடைய நுரையீரலுக்கு என்ன வடிகட்டி இருக்கிறது? தோளில் கிடக்கும் துண்டுதான்!

துண்டு இதற்குப் போதாது. நமது தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். டீசல் புகையிலுள்ள கரித்துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் குறைவானவை. களத்துத் தூசியை ஓரளவு தடுக்கும் துணி, இந்த நுண்துகளைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். துணியை நனைத்துக் கட்டினாலும் பெரிய பயன் இல்லை. உள்ளே போன துகள் நுரையீரலின் அடிவரை சென்று தங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் அறிவித்தது.

'என்95' என்ற முகக்கவசம் வேறு வகை. இது சல்லடைபோல் வேலை செய்வதில்லை. மிக மெல்லிய பிளாஸ்டிக் இழைகளை மெத்தைபோல் படியவைத்து, மின்னேற்றம் கொடுத்திருக்கிறார்கள். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல், இழை துகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளிலும் 100-க்கு 95-ஐ இது நிறுத்த வேண்டும் என்பது விதி. சோப்புப் போட்டுத் துவைத்தால் மின்னேற்றம் போய்விடும், துவைக்கக் கூடாது. முகத்தோடு ஒட்டி இருக்கவேண்டும். தாடி இருந்தால் இடைவெளி வழியே புகை நுழையும். மூச்சு விடச் சிரமமானால் புதியது மாற்றவும்.

ஆனால், முகக்கவசத்தை நம்பி மோட்டார் அறைக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை எந்த இழையும் தடுக்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். கிணற்றுக்குள் இறக்கி எஞ்சினை ஓட்டுவது ஒருபோதும் கூடாது.

எனவே முதல் வேலை, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோவது. இரண்டாவது, கரும்புகை வந்தால் ஏர் கிளீனர் அடைப்பையும் நாசிலையும் பார்ப்பது. எஞ்சினுக்கு அதிகச் சுமை கொடுக்காதிருப்பது. இதனால் டீசலும் மிச்சமாகும். மூன்றாவதுதான் முகக்கவசம்.

பவர் டில்லருக்கு அரசு மானியம் தருகிறது. அதனுடன் நல்ல முகக்கவசங்களையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? அதுவரை நாமே வாங்குவோம். எஞ்சின் ஓட்டும் கூலி ஆளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்போம். ரிங் தேய்ந்தால் கடையில் வாங்கி மாட்டலாம். நுரையீரலை எந்தக் கடையில் வாங்குவது?