திடலும் தூரிகையும் பாடமே

தேர்வு நெருங்கும்போது கால அட்டவணையிலிருந்து முதலில் மறைவது எது? பெரும்பாலும் உடற்கல்வியும் கலைக்கல்வியும்தான். “இன்று திடலுக்குப் போக வேண்டாம், கணக்குப் பயிற்சி செய்வோம்” என்று ஆசிரியர் கூறியதும் மாணவர்களின் முகம் வாடிவிடும். ஓடுவதும் வரைவதும் படிப்புக்கு இடையே கிடைக்கும் ஓய்வு என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணம் தவறானது என்பதே என் கருத்து. அதற்கு மாண்டிசோரி வகுப்பறை நல்ல சான்றாகும்.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907ஆம் ஆண்டில் ரோம் நகரின் ஏழ்மையான பகுதி ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். கையும் உடலும் இயங்கும்போதே அறிவு வளர்கிறது என்பது அவருடைய கொள்கை. அவருடைய முறையில் குழந்தைகள், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி அறிகிறார்கள். உலோகச் சட்டங்களைக் கொண்டு வடிவங்களை வரைந்து, எழுதுவதற்குக் கையைப் பழக்குகிறார்கள். மணிகளைத் தட்டி, ஒரே சுரம் எழுப்பும் இரண்டைத் தேடிச் சேர்க்கிறார்கள். தரையில் வரைந்த கோட்டின்மேல் தடுமாறாமல் நடக்கிறார்கள்.

1939இல் மாண்டிசோரி இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, 6 முதல் 12 வயது வரையிலான மாணவர்களுக்குரிய கல்வியை மேலும் வளர்த்தெடுத்தார். அத்தகைய வகுப்பில் பூமியின் வயதை விளக்க, மிக நீளமான கறுப்பு நாடாவை விரிப்பார்கள். மாணவர்கள் அதன் ஓரமாக நடந்து செல்வார்கள். கடைசியில் தெரியும் மெல்லிய கோடே மனிதன் வாழ்ந்த காலம். இப்படி நடந்து பார்த்துக் கற்றதை எளிதில் மறக்க முடியுமா?

“பாடத்தோடு கலையும் உடலியக்கமும் கலந்துவிட்டால், அவற்றுக்குத் தனிப் பாடவேளை எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். வகுப்பறைக்குள் எழுந்து நடப்பது, திடலில் மூச்சிரைக்க ஓடுவதற்கு ஈடாகாது. தக்க நேரத்தில் தோழனுக்குப் பந்தைத் தட்டிக் கொடுப்பதையும், தோற்ற பிறகு எதிரணியினருடன் கைகுலுக்குவதையும் விளையாடித்தான் கற்க வேண்டும். அதுபோலவே, அறிவியல் பாடத்திற்காக ஓர் இலையை வரைவது மட்டுமே ஓவியக் கலை ஆகிவிடாது. தன் மனத்தில் உள்ளதை வண்ணங்களால் சொல்லிப் பழக நேரமும் வழிகாட்ட ஆசிரியரும் தேவை. மாண்டிசோரி வகுப்பாக இருந்தாலும் இவ்விரண்டுக்கும் தனி இடம் வேண்டும்.

“பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாதே” என்ற கவலை நியாயமானதுதான். ஆனால், கூடுதலாக ஒரு பாடவேளை உட்கார்ந்திருப்பதால் மட்டும் கணக்கு விளங்கிவிடாது. கற்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம். பின்னங்களைத் தாளை மடித்துக் கற்கலாம்; பரப்பளவைத் திடலை அளந்து கற்கலாம். அப்போது கணக்கும் விளங்கும்; விளையாட்டும் பறிபோகாது.

திடலுக்கும் தூரிகைக்கும் உரிய பாடவேளையைக் கணக்குக்காகக் கடன் கேட்கிறோம். கணக்குப் பாடவேளையை விளையாட்டுக்காக யாரும் கடன் கேட்பதில்லை. எல்லாப் பாடங்களுக்கும் அதே மதிப்பை அளிப்பதே முறையாகும்.