எங்கள் தீவுக்கு ஒரு குரல்

என் தந்தையார் பாம்பனில் நாட்டுப்படகில் தொழில் செய்பவர். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு செல்லும் நாட்களில் விடியுமுன்னே என்னை எழுப்பிவிடுவது எங்கள் அடுக்களையில் இருக்கும் வானொலிப் பெட்டிதான். அடுப்பைப் பற்றவைத்தபடியே என் தாயார், "காத்து எப்படியாம்?" என்று கேட்பார். தந்தையார் விரலை உதட்டில் வைத்துச் சும்மா இருக்கச் சொல்வார். அறிவிப்பு முடிந்த பின்னர்தான் வலை தோளில் ஏறும்.

அந்த வானொலியின் பெயர் 'கடல் ஓசை'. பண்பலை 90.4. மீனவ சமுதாயத்தைச் சேர்ந்தவர்களின் முயற்சியால் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பாம்பனில் தொடங்கப்பெற்றது. இது ஒரு சமுதாய வானொலி. இத்தகைய நிலையங்களுக்குப் பொதுவாக 100 வாட் திறனுக்கு மேல் அனுமதியில்லை. நம் வீட்டுக் குண்டு பல்பு ஒன்றுக்குச் செலவாகும் மின்சாரம்! சென்னையில் இருப்பவர்க்கு அது கேட்காது. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

எங்கள் தீவு வானொலிக்குப் புதியதன்று. என் பாட்டியார் தலைமுறையினர் இலங்கை வானொலியின் நேயர்கள். திருச்சியையும் சென்னையையும் விடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்டதாம். பாட்டுக்கும் நாடகத்துக்கும் குறைவில்லை. ஆனால் நாளைக் காலையில் பாம்பன் கரையிலிருந்து படகை இறக்கலாமா என்று கொழும்பு எப்படிச் சொல்லும்? 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் வந்தபோது தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. அந்த இரவைப் பற்றிப் பாட்டியார் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

"தமிழகக் கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாதா எனச் சில தோழியர் கேட்கின்றனர். போதாது, தோழியரே. எங்களுக்கு ஒரு கடலன்று, இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம். தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். சோளகக்காற்று எழுந்தால் நிலைமை தலைகீழ். ஒரே தெருவில் ஒரு வீட்டார் தொழிலுக்குப் போக, எதிர்வீட்டார் கரையில் இருப்பதும் உண்டு. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் நாள்தோறும் கணித்துத் தருகிறது. அந்தக் கணக்கை வடகடல், தென்கடல் என்று பிரித்து, எங்கள் பேச்சிலேயே சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான் உள்ளூர் நிலையம்.

கடல் ஓசையில் வானிலை மட்டுமல்ல. மீனவர்க்கான அரசுத் திட்டங்கள், கடலனுபவம் மிக்க பெரியவர்களின் பேச்சு, பாட்டு எல்லாம் உண்டு. 'சமுத்திரம் பழகு' என்னும் நிகழ்ச்சியில் மாறிவரும் கடலைப் பற்றியும் தட்பவெப்பத்தைப் பற்றியும் பேசுகின்றனர். நகரத்து அறிவிப்பாளரைப் போல ஆங்கிலத்தையும் தமிழையும் குழைத்துப் பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். (எங்கள் வகுப்பில் சிலருக்கு அதுவே நாகரிகம்!)

எனினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது நிலையத்தின் மீதன்று, விதியின் மீது. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி பிறந்தது. ஆனால் செய்தியைத் தாமே திரட்டி ஒலிபரப்ப இந்த நிலையங்களுக்கு இன்றும் உரிமை இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே தரலாம், அவ்வளவே. வானிலைக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் கடலுக்குப் போன படகுகள் எல்லை கடந்ததாகப் பிடிபட்டால், அது எங்களுக்குப் புயலைவிடச் சிறிய செய்தியா?

இதை நான் விடுதியில் சொன்னபோது ஓர் அருட்சகோதரி மறுத்தார்கள். "தவறான செய்தி பரவினால் ஊரில் கலவரம் வராதா, பிள்ளாய்?" என்றார்கள். நியாயமான அச்சமே. ஆயினும் இன்று கைப்பேசி இல்லாத வீடு எது? எந்தப் படகு, எத்தனை பேர் என்று ஆளுக்கொன்றாக வதந்தி வீட்டுக்கு வீடு ஓடுகிறது. அனுப்பியவர் யாரென்று தெரியாது, பொறுப்பும் இல்லை. வானொலியில் பேசுகிறவரோ முகம் தெரிந்தவர், முகவரி தெரிந்தவர். பொய் சொன்னால் மறுநாள் கரையில் நின்று பதில் சொல்ல வேண்டியவர். இந்த இருவரில் யாரை நம்பலாம்? அரசியல் பேச வேண்டாம் என்று தடுக்கட்டும், வேண்டுமானால் உரிமத்தையே பறிக்கட்டும். பிடிபட்ட படகுகள் இன்னவை, கரை சேர்ந்தவை இன்னவை என்று சொல்லவாவது விடலாமே.

இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் ஆழமில்லாக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். என் தாயாரும் எடுத்தவரே. எந்தப் பாறையில் எப்பொழுது பாசி முற்றும், எங்கே முள் குத்தும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதை மைக்கின்முன் சொல்லலாமே என்றேன். "நான் பேசுனா யாரு கேப்பா?" என்று சிரித்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் போகையில் அவரை நிலையத்துக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். வரமாட்டேன் என்றுதான் சொல்கிறார். ஆனால் எந்தப் புடவையைக் கட்டுவது என்றும் போன வாரம் கேட்டார்.