சத்தம் கூடுகிறது, இழுவை கூடவில்லை

காருக்கு மூச்சு முட்டுகிறதாம். கம்பெனி கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாயும் சிவப்பு கோன் ஃபில்டரும் மாட்டினால் பிக்கப் எகிறும், மைலேஜும் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். மாட்டிக்கொண்டு வருகிறவருக்கும் மகிழ்ச்சிதான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பு கேட்காத ஓர் உறுமல் கேட்கிறதே! உறுமலைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது என்ன என்பதைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கார்புரேட்டர் வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும்; பெட்ரோல் அதற்கேற்பக் குறையாது. சைலன்சர் கரும்புகை கக்கும், டேங்க் சீக்கிரம் காலியாகும். ஃபில்டரைத் தட்டி ஊதி மாட்டினாலே வண்டி தெளிந்துவிடும். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் சொன்னது அன்றைக்குச் சரி. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தபின் கதை மாறிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை சென்சார் வழியாக அறிந்து, சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரிடம் சரிபார்த்து, பெட்ரோலை அளந்து ஊற்றுவது ஈ.சி.யூ. என்னும் குட்டிக் கணினியின் வேலை. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துவிடும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதை 2009-ல் சோதித்துச் சொன்னது. இன்ஜெக்‌ஷன் கார்களின் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கார்புரேட்டர் பொருத்திய 1972-ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜரில் மட்டும் 2 முதல் 6 சதவீதம் வித்தியாசம் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மட்டும் அடைத்த ஃபில்டர் பிக்கப்பைக் குறைத்தது. கம்பெனியின் சாதாரணப் புது ஃபில்டரை மாட்டியதும் அதுவும் திரும்பிவிட்டது.

மைலேஜ் மாறாததற்குக் காரணம் எளிது. பெட்ரோல் கார் ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது த்ராட்டில் வால்வு கொஞ்சமாகத்தான் திறந்திருக்கும். காற்றை அடக்கி வைப்பதே அதன் வேலை. மதகை முக்கால்வாசி மூடி வைத்துக்கொண்டு, மேலே வாய்க்காலை அகலப்படுத்தி என்ன பயன்?

பானட்டைத் திறந்து அந்தக் கறுப்புப் பெட்டியை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். அதிலிருந்து ஒரு மூக்கு கிளம்பி, பல கார்களில், ரேடியேட்டருக்கு மேலே முன்கிரில்லை ஒட்டிப் போய் நிற்கும். வெளிக்காற்றை நேரே பிடிக்கும் ஏற்பாடு அது. ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று தனியாக விற்பது ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது! குழாயின் பக்கவாட்டில் காரணமில்லாமல் துருத்திக்கொண்டிருப்பது போலத் தெரியும் காலி டப்பா, ரெசனேட்டர். காற்று உறிஞ்சும் இரைச்சலை அடக்குவது அதுதான். அதைத் தூக்கி எறிந்ததால் வந்த சத்தத்தைத்தான் பலர் ‘பவர்’ என்று நம்புகிறார்கள்.

திறந்த கோன் ஃபில்டர் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பானட்டுக்குள் தேங்கிய சூட்டை உறிஞ்சுகிறது. 30 டிகிரி காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். நெடுஞ்சாலையில் ஓடும்போது இந்தச் சூடு தணியலாம். சித்திரை வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நின்று கிளம்பும்போது தணியாது. காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இன்னொரு சிக்கல் சென்சாரில். டீசல் கார்களிலும் சில பெட்ரோல் கார்களிலும் சூடான மெல்லிய கம்பி ஒன்று காற்றை அளக்கிறது. குழாயின் விட்டம் இவ்வளவு என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அதை அகலமான குழாயில் பொருத்தினால் அளவு குறைவாகக் காட்டும், பெட்ரோல் காரில் கலவை நீர்த்துப்போகும், செக் இன்ஜின் விளக்கு எரியும். துவைத்து எண்ணெயிட்டு மாட்டும் காட்டன் ஃபில்டரில் அந்த எண்ணெய் அதிகமானால் அந்தக் கம்பியில் படியக்கூடும்; குறைந்தாலோ தூசி உள்ளே போகும். இன்ஜினுக்குள் போகும் மணல்தூசி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்காமல் விடாது.

காற்று குளிர்ச்சியாக வர வேண்டும் என்று பம்பருக்குள் தாழ இறக்கும் கிட்டுகளும் உண்டு. மழைத்தண்ணீர் தேங்கும் ஊருக்கு இது ஆகவே ஆகாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கார் உரிமையாளர்கள் பலர் இதைப் பெரும் செலவில் கற்றார்கள். இன்ஜினுக்கெனத் தனிக் காப்பீடு எடுக்காதவர்கள் பாடு இன்னும் மோசம்.

பந்தயக் கார்களில் மட்டும் ஏன் மாட்டுகிறார்கள் என்று கேட்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் முழு த்ராட்டிலில் ஓடுபவை. அவற்றின் ஈ.சி.யூ.வும் அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டது. டர்போ இன்ஜினில் அப்படி மாற்றி எழுதிவிட்டு இன்டேக்கையும் மாற்றினால் பலன் உண்டு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிடும் 1.2 லிட்டர் காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்படி மாற்றி மாட்டலாமா என்பதில் சட்டம் தெளிவாக இல்லை என்பது பெரிய குறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்.சி.யில் ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வரியும் இருக்காது. அதே ஆண்டின் திருத்தச் சட்டமோ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும் என்கிறது. கடைக்காரர் எதை விற்கலாம், வாங்குபவர் எதை மாட்டலாம் என்பதற்கு இதில் விடை கிடைக்காது.

கலிஃபோர்னியாவில் இந்தக் குழப்பம் இல்லை. புகையைப் பாதிக்கக்கூடிய, கம்பெனி அமைப்பை மாற்றும் பாகம் எதுவானாலும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் பெற வேண்டும். புகைச் சோதனைக்குப் போகும்போது மெக்கானிக் பானட்டைத் திறந்து அந்த எண்ணைத் தேடுவார். எந்த மாடலுக்கு எந்த கிட் பொருந்தும் என்பதும் அந்த எண்ணுக்குரிய விலக்கு ஆணையிலேயே இருக்கும். இங்கேயும் அப்படிச் செய்யத் தடையில்லை. சோதிப்பதற்கு புனேயிலும் ஒரகடத்திலும் மையங்கள் இருக்கின்றன. மாடல் வாரியாகச் சோதித்து, தேறியவற்றுக்கு எண் கொடுத்து, தேறாதவற்றை விற்பனையிலிருந்து விலக்குவதே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் செய்ய வேண்டியது.

அதுவரை வாங்குபவர் கடையில் ஒன்றைக் கேட்கலாம்: இதே மாடல் காரில், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் இன்ஜின் பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் எடுத்த அளவு எங்கே? அதைக் காட்ட முடியாத கடையில் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். கம்பெனி பேப்பர் ஃபில்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குவாரிப் பாதையிலும் செம்மண் சாலையிலும் ஓடும் வண்டியென்றால், சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.