பழகியவர்க்கும் பாரம் பாரமே

“மலையில் பிறந்தவர்களுக்குச் சுமை தூக்கி ஏறுவது பழகிப்போன காரியம், நமக்கேன் அந்தக் கவலை?” நம்மவர்களில் கற்றவர்களே இப்படிப் பேசக் கேட்டிருக்கிறோம். இது இரக்கமற்ற பேச்சு என்பது ஒருபுறம் இருக்க, அறிவற்ற பேச்சும் ஆகும் என்போம்.

தருமபுரி மாவட்டத்து வட்டுவனஅள்ளி ஊராட்சியில் கோட்டூர், ஏரிமலை, அலக்கட்டு என்னும் மலைச் சிற்றூர்கள் உள்ளன. நெடுங்காலமாக அங்கே ரேஷன் அரிசி கழுதை முதுகில் ஏறிற்று. கழுதை வாய்க்காதபோது மனிதர் தலையில் ஏறிற்று. தேர்தல் வந்தால் மட்டும் கோட்டூர் நாடறிந்த ஊராகிவிடும். 2024 மக்களவைத் தேர்தலிலும் வாக்குப்பதிவுச் சாமான்கள் கழுதைகள்மீது பத்திரமாக மேலே சென்றன. பத்திரிகைகள் அதை வேடிக்கைப் படமாக்கின. வாக்குகள் மலையிறங்கியதும் பாதையைப் பற்றிய பேச்சும் இறங்கிவிட்டது.

பழக்கம் என்ன செய்யும்? மூச்சைச் சீர்ப்படுத்தும், காலடியைத் திருத்தும். மலையின் உயரத்தில் ஒரு சாணையும் அது குறைக்காது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ மூட்டையுடன் 300 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வேலையாகிறது. எஞ்சியது வெப்பமாகிக் கழிகிறது. ஆகவே அந்த ஏற்றத்திற்கு மட்டும் சுமார் 200 கிலோ கலோரி போய்விடும். அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவருக்கு இது சிறு தொகையா? மத்ரஸா மாடிக்கு ஒரு சிப்பம் அரிசியை ஏற்றுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குகிற நாம் இதைப் பேசலாமா?

கால்நடைகள் நம் சுமைகளைத் தொலைவூர்களுக்குச் சுமந்து செல்வதை அருட்கொடையாகச் சொல்கிறது அந்நஹ்ல் அத்தியாயம். அவை இல்லையேல் மனிதன் படும் வருத்தத்தைக் குறிக்க அங்கே வரும் ‘ஷிக்கு’ என்னும் சொல்லுக்குப் பாதி என்றும் பொருளுண்டு. வலிமையில் பாதி போய்விடும் என்று விரிவுரையாளர் சிலர் விளக்குவர். பழகினால் போகாது என்று எவரும் எழுதக் காணோம்.

சுமை அரிசியோடு நிற்பதுமன்று. 2023-ல் அலக்கட்டில் பாம்பு தீண்டிய சிறுமியைத் தூளி கட்டியே கீழே கொண்டுவந்தனர், அவள் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாயே சுமந்து மலையேறினாள். அவளும் பழகியவள்தானே என்பார்களோ!

காட்டுச் சட்டம் தடுக்கிறது என்பது அடுத்த சாக்கு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பாதை போன்ற பொதுத் தேவைக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விட இடமளிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்குமேல் வெட்டலாகாது. 3 மீட்டர் அகலம் என்றால் அது 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதை. முழு மலைக்கும் போதாமற் போகலாம். முதல் ஏற்றத்திற்காவது உதவுமே! அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்து, அலுவலகம் வரை அவர்களுடன் போய் நிற்க, பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் படித்த நம்மவர் எவருமே இல்லையா?