காப்பெற் வீதி ஆருக்கு?

காலமை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடச் சந்தியில் நிண்டு பாருங்கோ. வெள்ளைச் சீருடையோட பிள்ளையள் சைக்கிளில் வருவினம். பின்னால டிப்பர் ஹோர்ன் அடிக்கும். இடப்பக்கம் ஒதுங்கினால் காப்பெற் முடிஞ்சு பள்ளம். அதுக்கு அங்கால மூடியில்லாத வாய்க்கால்.

போருக்குப் பிறகு எங்கட பெரிய வீதிகள் அகன்றுவிட்டன. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. அம்புலன்ஸ் வேகமாகப் போகவேணும்தானே. ஆனால் வாகனங்களின் வேகம் கூடிய அளவுக்கு, நடக்கிற ஆட்களுக்கும் சைக்கிள்காரருக்கும் இடம் கூடவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் குடாநாடே சைக்கிளில் ஓடியதை அம்மா அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். 2022 இல் பெற்றோல் வரிசையில் நிண்டு களைச்சு, நாங்களும் பழைய சைக்கிளைத் தூசி தட்டினோம். கியூஆர் முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் எல்லாரும் அதை மறந்துபோனோம்.

இதுக்குக் காசில்லாதது மட்டும் காரணமில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிடும் பிள்ளை முதலில் ஒழுங்கையில் போகும். அது பிரதேச சபையின் பொறுப்பு. பிறகு ஏறுவது சி அல்லது டி தர வீதி. அது மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். கடைசியாகக் கடக்கும் ஏ அல்லது பி தர வீதி, பத்தரமுல்லையைத் தலைமையகமாகக் கொண்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஒரே பயணத்துக்கு மூன்று சொந்தக்காரர். நிதியும் வீதி வீதியாகத்தான் வருகிறது. திறப்பு விழாப் பலகையில் எத்தனை கிலோமீற்றர் காப்பெற் எண்டு இருக்கும். பிள்ளையின் பயணம் ஒருத்தரின் கணக்கிலும் இல்லை.

மாகாணங்களுக்கான நிதியைப் பரிந்துரைக்க நிதி ஆணைக்குழு இருக்கிறது. திறைசேரியிலிருந்து மாகாணத்துக்கு அபிவிருத்தி நன்கொடையும் வருகிறது. அதில் ஒரு நிலையான பங்கை நடைக்கும் சைக்கிளுக்குமெண்டு ஒதுக்கவேணும். அந்தப் பங்கைத் தனி வீதிக்குக் குடுக்காமல், பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்குக் குடுங்கோ. மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஒரே திட்டத்தில் கையெழுத்து வைத்தால் மட்டும் காசு வரவேணும்.

“வீதியில இடமில்லை” எண்டு சொல்லுவினம். வாய்க்காலுக்குக் கொங்கிறீற் மூடி போட்டாலே நடைபாதை கிடைச்சிடும். பெரிய வீதிக்குப் பின்னால ஒழுங்கைகள் வலை மாதிரிக் கிடக்கு. குழியை மூடி, லைட் போட்டு, மழைத்தண்ணி ஓட வழி செய்தால் அதுகளே சைக்கிள் பாதை. பெரிய வீதியைக் கடக்கிற இடத்தில் மட்டும் வேகத்தடையும் பாதசாரிக் கடவையும் போதும்.

காணி எடுக்கத் தேவையில்லாத வேலைகள் இவை. அடுத்த பாதீட்டுக்கு முதல் உங்கட வட்டார உறுப்பினரிடம் ஒண்டைக் கேளுங்கோ: இந்த வருசம் எத்தனை மீற்றர் வாய்க்காலுக்கு மூடி போட்டனீங்கள்?