நூறு ஷாட் ஆட்டக்காரரும் சேம்பர்ஸ் பேயும்

டிவியில் காட்டும் கோல்ஃப் வேறு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடப்படும் கோல்ஃப் வேறு. டிவியில் வருபவர் 300 கெஜம் அடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் 200 கெஜம் அடித்தால் போதும், பந்து நேராகப் போனதே என்று கூட வந்தவர் கை குலுக்குவார்!

இந்த இரண்டாவது ஆளுக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. ஒரு பெயரே வைத்திருக்கிறது: போகி கோல்ஃபர். ஆணாக இருந்தால் முதல் ஷாட் சராசரியாக 200 கெஜம் போகும், 370 கெஜத்தில் இருக்கும் குழியின் கிரீனை இரண்டு ஷாட்டில் தொடுவார், ஹேண்டிகேப் 20 அளவில் இருக்கும். அதாவது 72 ஷாட்டில் முடிக்க வேண்டிய ஆட்டத்தை 90-களில் முடிப்பார். இது கணக்கு. நடைமுறையில் 100-ஐத் தாண்டாமல் முடித்தாலே அன்றைக்குப் பிரியாணி வாங்கித் தருகிற ஆட்கள்தான் அதிகம்.

நம் ஊரில் கோல்ஃப் என்றால் உடனே நினைவுக்கு வருவது கிளப், உறுப்பினர் அட்டை, வாசலில் சல்யூட் அடிக்கும் காவலாளி. அதனால் 'பொது கோல்ஃப் மைதானம்' என்ற வார்த்தையே கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. கவுண்டி, நகராட்சி, மாநில அரசு என்று பலரும் பூங்கா நடத்துவது போல கோல்ஃப் மைதானமும் நடத்துகிறார்கள். காசு கொடுத்து நேரம் பதிவு செய்தால் யாரும் ஆடலாம். அப்படி ஒன்றுதான் சேம்பர்ஸ் பே. 2007 ஜூனில் திறந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரத்தை ஒட்டிய யூனிவர்சிட்டி பிளேஸில், ப்யூஜெட் சவுண்ட் என்கிற கடல் நீர்ப்பரப்பின் கரையில் இருக்கிறது. சொந்தக்காரர் பியர்ஸ் கவுண்டி.

இடத்தின் கதை சுவாரஸ்யமானது. நூறு ஆண்டுக்கு மேலாக மணலும் ஜல்லியும் தோண்டி எடுத்த பள்ளம் அது. தோண்டி முடித்த பிறகு மிஞ்சியது பிரம்மாண்டமான ஓட்டை. ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் ஜூனியரின் நிறுவனம் அந்த மணலையே குவித்து, சரித்து, ஸ்காட்லாந்து கடற்கரை மணல்மேடுகள் மாதிரி ஆக்கியது. சுரங்கக் காலத்து ராட்சச கான்கிரீட் சுவர்கள் இன்றும் 18-வது குழியின் அருகே நிற்கின்றன, ஏதோ பழைய கோட்டை மாதிரி. அதை இடிக்காமல் விட்டது நல்ல புத்தி. மொத்த மைதானத்துக்கும் ஒரே ஒரு மரம், 15-வது குழிக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஃபர் மரம். 2008-ல் யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரியில் வந்து அதைக் கோடரியால் கொத்திவிட்டுப் போய்விட்டார்! கட்டுப்போட்டுக் காப்பாற்றினார்கள்.

சரி, நூறு ஷாட் ஆட்டக்காரர் இங்கே வந்தால் என்ன நடக்கிறது?

முதலில் ஏமாற்றம். கோல்ஃப் என்றால் கம்பளம் விரித்த மாதிரி பச்சை இருக்கும் என்று நினைத்து வருபவருக்கு, கோடையில் பழுப்பேறிக் கிடக்கும் ஃபெஸ்க்யூ புல் கண்ணில் படும். "இதற்கா இவ்வளவு காசு?" என்று தோன்றும். இரண்டு குழி ஆடுவதற்குள் அந்தக் கேள்வி போய்விடும். அடியில் மணல், மேலே மெல்லிய புல், தரை காய்ந்து இறுகியிருக்கிறது. 200 கெஜம் அடித்த பந்து விழுந்த பிறகும் உருண்டுகொண்டே போகிறது... இன்னும் போகிறது... திடீரென்று அவர் வாழ்நாளில் அடித்தேயிராத தூரத்தில் நிற்கிறது. ஃபேர்வேக்கள் அகலம். கொஞ்சம் வலது பக்கம் வளைத்து அடித்தாலும் (சராசரி ஆட்டக்காரர் எல்லோரும் வலது பக்கம்தான் வளைப்பார்கள், அது உலக நியதி) பந்து காணாமல் போவதில்லை. கிரீனுக்கு 20 கெஜம் வெளியே இருந்தே பட்டரை எடுத்துத் தட்டிவிடலாம். பந்தை உயரத் தூக்கி அடிக்கத் தெரியாதவருக்கு இது வரப்பிரசாதம்.

அதே சரிவு பழியும் வாங்கும். கிரீனின் ஓரத்தில் போய் உட்கார்ந்த பந்து, ஒரு நொடி யோசித்துவிட்டு, மெல்ல உருண்டு அடித்தவர் காலடிக்கே திரும்பி வரும். இரண்டாம் முறையும் வரும். மூன்றாம் முறை அடிக்கும்போது கூட வந்தவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள் :)

ஆனால் 9-வது குழியின் டீயில் நின்றால் அதெல்லாம் மறந்துபோகும். சுமார் 100 அடி கீழே கிரீன், அதற்கு அப்பால் தண்ணீர், தீவுகள். பந்து காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம். 16-வது குழிக்குப் போனால் பக்கத்திலேயே ரயில் பாதை, சரக்கு ரயில் கடந்து போகும். 107 எடுத்தவர்கூட சிரித்துக்கொண்டே வெளியே வருவது இதனால்தான். அழகு ஒரு ஷாட்டைக்கூடக் குறைக்காது. ஆனாலும் ஒவ்வொரு மோசமான ஷாட்டுக்குப் பிறகும் தலையைத் தூக்கிப் பார்க்க ஏதோ இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

ஜூனியரின் அப்பா ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் சீனியர் அந்தக் காலத்து பெரிய மைதான வடிவமைப்பாளர். அவருடைய கொள்கை, ஒவ்வொரு குழியிலும் பார் எடுப்பது கஷ்டமாகவும், ஒரு ஷாட் கூட எடுத்து போகி ஆவது சுலபமாகவும் இருக்க வேண்டும் என்பது. சேம்பர்ஸ் பே நன்றாக இருக்கும் இடங்களிலெல்லாம் இந்தக் கொள்கைதான் வேலை செய்கிறது. சறுக்கும் இடங்களைப் பார்த்தால் அங்கே வேறு யாரையோ மனதில் வைத்துக் கட்டியிருப்பது தெரியும்.

அந்த வேறு யாரோ, யு.எஸ். ஓப்பன். திறந்து ஒரு வருடம்கூட ஆகாத மைதானத்துக்கு 2008 பிப்ரவரியிலேயே 2015 போட்டியைக் கொடுத்துவிட்டார்கள். அதற்காக நிறைய மாற்றினார்கள். 18-வது குழியின் ஃபேர்வே நடுவில் சுமார் 10 அடி ஆழத்துக்கு ஒரு மணல் பள்ளம் தோண்டினார்கள். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை நான்கு நாள் மிரட்டுவதற்காக. மீதி நாட்களில் அதில் விழுவது யார்? ஐந்து மணி நேரம் நடந்து களைத்து, கடைசிக் குழியையாவது நன்றாக முடிப்போம் என்று வரும் நம்ம ஆள்தான். இது அநியாயம்.

போட்டியும் தலைவலியாகத்தான் முடிந்தது. கிரீன்களில் ஃபெஸ்க்யூவோடு போவா என்கிற வேறு புல்லும் கலந்து வளர்ந்து, பந்து துள்ளித் துள்ளி ஓடியது. ஹென்ரிக் ஸ்டென்சன் அதை ப்ரோக்கோலியோடு ஒப்பிட்டார். பார்வையாளர்களோ மணல்மேட்டில் ஏறவும் முடியாமல், ஆட்டத்தைப் பார்க்கவும் முடியாமல் தவித்தார்கள். 21 வயது ஜோர்டன் ஸ்பீத் ஐந்து அண்டரில் ஜெயித்தார். கடைசி கிரீனில் டஸ்டின் ஜான்சன் மூன்று பட் போட்டுத் தோற்றார். உலகம் டிவியில் பார்த்து மைதானத்தைத் திட்டித் தீர்த்தது. அப்புறம் 2018 இறுதியில் கிரீன்களை மூடி, முழுக்க போவா புல்லையே பதித்து, 2019-ல் திறந்தார்கள். 2022-ல் அங்கே நடந்த மகளிர் அமெச்சூர் போட்டியில் ஜப்பானின் சாகி பாபா ஜெயித்தார். கிரீனைப் பற்றி அப்படி ஒரு கூச்சல் அப்போது எழவில்லை. ஆனால் நான்கு நாள் விருந்தாளிக்குப் பிடிக்காதது கட்டணம் கட்டி ஆடும் வீட்டுக்காரர்களுக்கு 2015-க்கு முன்பே தெரியும். அவர்களை யாரும் மைக் நீட்டிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது காசு. கோடையில் வெளியூர்க்காரர் ஒரு ரவுண்டு ஆட 200 டாலருக்கு மேல் ஆகும். பியர்ஸ் கவுண்டிவாசிகளுக்குக் குறைவு. இந்தச் சலுகையை அதிகாரிகள் கண்ணைப் போலக் காக்க வேண்டும். நியூயார்க் மாநில அரசு நடத்தும் பெத்பேஜ் பிளாக் மைதானத்தைப் பாருங்கள். 2002, 2009 என்று இரண்டு யு.எஸ். ஓப்பன் நடந்த இடம். மாநிலத்துக்காரர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் ஆடலாம், அதற்காக ராத்திரி காரிலேயே தூங்கி வரிசையில் நிற்பவர்கள் உண்டு. மைதானம் மிகக் கடினம், நன்றாக ஆடுபவர்கள் மட்டும் வாருங்கள் என்று முதல் டீயிலேயே போர்டு வைத்து எச்சரித்திருக்கிறார்கள். அந்த போர்டு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போவது நூறு ஷாட் ஆட்டக்காரர்தான்!

நடையும் ஒரு பிரச்சினை. சேம்பர்ஸ் பே நடந்தே ஆட வேண்டிய மைதானமாகத் திறக்கப்பட்டது, அப்போது மருத்துவக் காரணம் இருந்தால்தான் வண்டி. ஏற்ற இறக்கத்தோடு 10 கிலோமீட்டருக்கு மேல் நடை. விளையாட்டின் அழகே நடப்பதில்தான் என்பார்கள் ரசிகர்கள். அது சரிதான், ஆனால் வரி கட்டிய 70 வயது பெரியவர் மருத்துவச் சீட்டோடு வந்து நிற்க வேண்டும் என்று வைத்திருந்தது கொஞ்சம் உறுத்துகிறது.

கவுண்டிக்கு முழு மார்க் கொடுக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மைதானத்தைச் சுற்றி வேலி போட்டு மூடவில்லை. பூங்காவின் நடைபாதை மைதானத்தின் ஊடாகவே போகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானத்தை வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடிவிடுவார்கள், ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுவார்கள். இங்கே ஞாயிறுவரை காத்திருக்கவும் வேண்டாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கும், 200 டாலர் கட்டியவருக்கும் அதே கடல், அதே ரயில், அதே ஒற்றை மரம். என்ன, நடப்பவர் பந்து வருகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.