இத்தாலிப் பயணமும் பாலாடைக்கட்டியும்

இத்தாலி செல்லத் திட்டமிடுவோர், "ஹஸ்ரத், பன்றி இறைச்சியைத் தவிர்த்தால் போதுமல்லவா?" என்று கேட்கின்றனர். போதாது. ரோமின் கார்பொனாராவில் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு சேர்வதைப் பலர் அறிவர். கிராமப்புற விடுதிகளில் இறைச்சிக் குழம்பில் ஒயின் சேர்வதையும், பியதீனா ரொட்டி மாவைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பிட்டுப் பிசைவதையும் அறிந்தோர் குறைவு.

பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குரிய உறைபொருள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. முறைப்படி அறுக்கப்படாத கன்றாயின் ஷாஃபிஈ மத்ஹபில் அது கூடாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அனுமதித்தார்கள். கணவர் ஹனஃபி, மனைவி ஷாஃபிஈ என்றிருக்கும் வீட்டில் இதனை விமானம் ஏறுமுன்பே பேசி முடிப்பது நலம்.

எங்கே செல்வது என்று கேட்டால், மீன் தாராளமாய்க் கிடைக்கும் சிசிலியையே சொல்வேன். (மீனிலும் ஒயின் வேண்டாமெனச் சொல்லிவிடுங்கள்.) பலெர்மோ பேராலயத்தின் தெற்கு முகப்புத் தூணொன்றில் குர்ஆன் வசனம் இன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது; பிள்ளைகளை அதன் அருகில் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.